ரிக்ரெட், அபாலஜைஸ்

இவ்விரு ஆங்கிலச் சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் உணர்ச்சியின் ஆழத்தைப் பற்றியது என்று பொதுவாக எண்ணுகிறோம். எனக்கு அது வாக்கிய அமைப்பைப் பற்றியதாகவே படுகிறது.

ரிக்ரெட் செயப்படுபொருளை நேராக ஏற்கும். மழையை, தவறிய வாய்ப்பை, பிறர் செய்த கொலையைக்கூட ரிக்ரெட் செய்யலாம். எதிரில் ஆள் வேண்டியதில்லை. அபாலஜைஸ் செயப்படுபொருள் குன்றிய வினை. யாரிடம், எதற்காக என்ற இரு கேள்விகளையும் அது கூடவே இழுத்து வருகிறது.

இதற்கு ஒரு விளைவு உண்டு. ரிக்ரெட்டைச் செயப்பாட்டு வினையாக்கினால் எழுவாய் கழன்றுவிடும். 'இன்கன்வீனியன்ஸ் இஸ் ரிக்ரெட்டட்' என்ற நம் அலுவலக வாசகத்தில் அசௌகரியம் இருக்கிறது, வருத்தம் இருக்கிறது; வருந்துகிறவர் இல்லை. அபாலஜைஸை, வினையாக இருக்கும்வரை, இவ்வளவு சுலபமாக அநாதையாக்க முடியாது. சொல்வதே செயலாகிவிடும் வாக்கியங்களைப் பற்றி 1955இல் ஹார்வர்டில் பேசிய ஜே. எல். ஆஸ்டின், 'ஐ அபாலஜைஸ்' என்பதை அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார்.

ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது 13.4.1919இல். நூற்றாண்டுக்கு மூன்று நாள் முன்பு பிரிட்டிஷ் பிரதமர் தெரேசா மே நாடாளுமன்றத்தில் 'டீப்லி ரிக்ரெட்' என்றார். எதிர்க்கட்சித் தலைவர் கோர்பின் அபாலஜி கேட்டார். இது சொற்சண்டை அல்ல. 'டீப்லி' என்ற அடை எவ்வளவு ஆழம் தோண்டினாலும் 'யாரிடம்' என்ற இடத்தை நிரப்பாது.

உள்ளே ஒன்றும் உணராமலே அபாலஜைஸ் செய்யலாம், ரிக்ரெட் உண்மையாகவே இருக்கலாம் என்று ஆட்சேபிக்கலாம். சரிதான். ஆனால் பாதிக்கப்பட்டவன் நம் உள்ளத்தை விசாரிப்பதில்லை, பொறுப்பை விசாரிக்கிறான்.

நான் வங்கி குமாஸ்தா. ஒருமுறை ஒரு முதியவரின் கணக்கில் நான் தவறாக டெபிட் போட்டுவிட்டதால் அவருடைய செக் திரும்பிவிட்டது. அவருக்குப் போன கடிதத்தை டைப் செய்தவனும் நானே: 'எரர் இஸ் ரிக்ரெட்டட்.' கடிதத்தோடு கவுண்டருக்கு வந்தவர் கேட்டார்: "யார் சார் பண்ணினது?"

கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. 'நான்தான்' என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஆங்கில வினை சொன்னதும் முடிந்துவிடுகிறது. தமிழில் மன்னிப்பைக் 'கேட்க' வேண்டியிருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் எதிராளியின் கையில். நம் பயமெல்லாம் அந்த இடத்தைக் குறித்துத்தான்.

அவர் ஒன்றும் சொல்லாமல் கடிதத்தை மடித்துக்கொண்டு போனார்.