முகமுள்ள சுவர்

லாஸ் ஏஞ்சலீஸ் நகர மையத்தில் 2023 ஜூன் 16 அன்று மூன்று சுரங்க ரயில் நிலையங்கள் திறக்கப்பட்டன. பாதையின் நீளம் இரண்டு மைலுக்குச் சற்றுக் குறைவு. செலவு ஏறத்தாழ 180 கோடி டாலர். அவற்றுள் ஒன்றான லிட்டில் டோக்கியோ நிலையத்தின் நடைமேடைச் சுவர் நெடுக ஓவியர் ஆட்ரி சானின் ஓவியத் தகடுகள். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான டோங்வா மக்கள், ஜப்பானியக் குடும்பங்கள், கறுப்பின மக்கள், பக்கத்து ஸ்கிட் ரோவில் தெருவிலேயே வாழ்பவர்கள் என்று அந்த வட்டாரத்தின் முகங்களெல்லாம் அங்கே ஏறியிருக்கின்றன.

இதே நிலையத்துக்காக முதல் தெருவும் அலமேடா தெருவும் சந்திக்கும் முனையில் கடைகள் அகற்றப்பட்டன. இடத்தை எடுத்தவரே அங்கே வாழ்ந்தவரின் படத்தையும் மாட்டினால், அது மரியாதையா, வாய்க்கரிசியா?

வீடற்றவர்கள் நடைபாதையில் கிடக்கும்போது ஓவியத்துக்குக் காசா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதம் வெகுதூரம் போகாது. அந்நகரப் போக்குவரத்து நிறுவனம் கட்டுமானச் செலவில் கலைக்கு ஒதுக்குவது அரை சதவீதம். அதை நிறுத்தினால் சுவர் மொட்டையாகும். யாருக்கும் கூரை கிடைத்துவிடாது.

உறுத்துவது வேறொன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், லிட்டில் டோக்கியோவின் ஜப்பானியர் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பின மக்கள் அந்த வெற்று வீடுகளில் குடியேற, இடத்தின் பெயரே பிரான்ஸ்வில் ஆனது. போர் முடிந்து ஜப்பானியர் திரும்பியதும் கறுப்பின மக்களில் பலர் நகர வேண்டியிருந்தது. மூச்சு விடுவதற்குள் நகராட்சி வந்தது. அங்கே ஒரு தெருப்பகுதியை இடித்து, 1955இல் காவல்துறைத் தலைமையகத்தை எழுப்பியது. அந்தக் கட்டடத்துக்கும் கலை வாங்கினார்கள்: பெர்னார்ட் ரோசென்தால் செய்த ‘குடும்பம்’ என்ற வெண்கலச் சிற்பம். குடும்பங்களைக் கிளப்பிவிட்ட மண்ணில் ஒரு குடும்பம், அதுவும் முகமில்லாத உருவங்களாக! சிற்பி எந்த இனத்துக்கும் உரியதாகாமல் பொதுவாக்க நினைத்திருக்கலாம். அவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அதை அங்கே நிறுத்தியவர்கள், அந்த இடத்தில் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஆட்ரி சான் கேட்டார். வட்டாரத்து மக்களோடு பேசித்தான் வரைந்தார். ஒருவருக்குப் பின் ஒருவராகத் துரத்தப்பட்டவர்களை ஒரே சுவரில் கூட்டியதால், இந்த இடம் யாருடையது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லாமல் போகிறது. அது நேர்மை. மக்களும் சும்மா இருக்கவில்லை. முதல் தெரு, அலமேடா தெரு முனையில் ரயில் தரைமீது ஓடினால் வட்டாரம் துண்டாகும் என்று வாதாடி, தண்டவாளத்தைப் பூமிக்குள் அனுப்பியவர்கள் அவர்களே. அந்த வகையில் ஓவியம் வெறும் தானமாக வந்ததல்ல.

ஆனாலும் கணக்கு அங்கே தீரவில்லை. ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும், வாடகை ஏறும்; முதலில் தடுமாறுவது பழைய சிறுகடைக்காரர். ஓவியமும் இதில் ஒரு கை கொடுக்கிறது என்பதுதான் சங்கடம். ‘கலையும் வரலாறும் ததும்பும் இடம்’ என்று வீட்டுத் தரகர் சொல்வதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நிலையம் திறந்த மறு ஆண்டு, 2024இல், அமெரிக்காவில் அழிவை எதிர்நோக்கும் பதினொரு வரலாற்று இடங்களின் பட்டியலில் லிட்டில் டோக்கியோவும் சேர்ந்தது. ரயில் மட்டும் இதற்குக் காரணமல்ல. ரயிலுக்கு இதில் பங்கே இல்லை என்பதும் பொய்.

ஓவியம் ஒரு கடன் சீட்டு. வாங்கியதை ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். அதைக் கிழித்தெறியச் சொல்வதும் தவறு, கடன் அடைந்ததாகக் காட்டி நீட்டுவதும் தவறு. திருப்பித் தர வேண்டியது வாடகையிலும் குத்தகையிலும்தான். காவல்துறைக் கட்டடம் 2019இல் தரைமட்டமானது; அந்த நிலத்தை இனி என்ன செய்வது என்று நகராட்சியிடம் லிட்டில் டோக்கியோவாசிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.