சிறு நிலத்தாரின் சம்மதம்

புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரம் அமைந்த வீராம்பட்டினத்தில், ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளியன்று செங்கழுநீர் அம்மன் தேரோட்டம் நடைபெறுவது வழக்கம். நம் சமயத்தைச் சார்ந்த விழா அன்றெனினும், அதில் நம் சிந்தனைக்குரிய செய்தி ஒன்றுண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே நேரில் வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கிவைப்பார். ஆட்சி மாறிய பின்னரும் அம்மரபு மாறவில்லை. இந்திய அரசின் துணைநிலை ஆளுநர் அவ்விடத்தில் நிற்கின்றார். தேரை நிலைக்குக் கொண்டு சேர்ப்பவர் அன்றும் இன்றும் அவ்வூர் மீனவ மக்களே.

ஊரை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தி, ரோமானிய நாட்டுடன் நிகழ்ந்த வாணிகத்தை உலகறியச் செய்தார். ‘அருகன்மேடு’ என்பதே அரிக்கமேடு எனத் திரிந்தது என்பாரும் உளர். நமக்கு அதில் விருப்பம் இருப்பதனாலேயே அதனை முடிந்த முடிபாகக் கொண்டுவிடலாகாது.

கடலோரத்துச் சிறு நிலங்களைப் பெரிய கைகள் நாடி வருவது இவ்வாறு பழைய கதை. இன்று தைவான் தீவைப் பற்றிச் செய்தித்தாள்களில் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது புதுச்சேரியின் கதைதான். ஒரு சிறு நிலத்தார் எவருடன் இணைந்து வாழ்வது என்பதை முடிவு செய்யும் உரிமை எவருக்கு உரியது?

1948-இல் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாடு கண்டன. அந்தந்தப் பகுதி மக்களே தம் எதிர்காலத்தைத் தீர்மானிக்கட்டும் என்பது அதன் கருத்து. அதன்படி சந்திரநாகூரில் 1949-இல் மக்கள் வாக்களித்தனர்; 7,463 பேர் இந்தியாவுடன் சேர விரும்பினர், 114 பேர் மறுத்தனர். புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றில் அத்தகைய பொது வாக்கெடுப்பு நிகழவேயில்லை. அதற்கு மாறாக, 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இணைப்பை ஆதரித்தோர் 170 பேர். எதிர்த்தோர் 8 பேர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் அது சட்டப்படி நிறைவுற்றது.

இணைப்பு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. மொழியாலும் உறவாலும் இரு பக்கத்து மக்களும் ஒருவரே. பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லைக்கோட்டைப் பார்த்து அன்று. ஆயினும் மனச்சான்று இரண்டு கேள்விகளை எழுப்புகின்றது. 178 பேரின் வாக்கு மக்கள் அனைவரின் வாக்காகுமா? அன்றியும், 1949-இல் இந்தியா சுங்க உடன்பாட்டை முடித்துக்கொண்டு எல்லையில் சோதனைகளை ஏற்படுத்தியது. 1954-இல் அக்கெடுபிடி மேலும் இறுகியது. அதுவரை பிரெஞ்சுத் தொடர்பை ஆதரித்த தலைவர்களும் அவ்வாண்டில் இணைப்பின் பக்கம் திரும்பினர். மனமாற்றம் எவ்வளவு, நெருக்கடி எவ்வளவு என்று எவரால் பிரித்துக் காட்ட இயலும்? குருதி சிந்தவில்லை என்பதனால் மட்டும் ஒரு செயல் இம்சையற்றதாகிவிடாது என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர்.

இருப்பினும், 1961-இல் கோவாவுக்குள் படை சென்றதுபோல் புதுச்சேரிக்குள் செல்லவில்லை. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்கும் வரை இந்தியா எட்டாண்டுகள் பொறுத்திருந்தது. ஒப்பந்தமும் சிறியோர்க்கு இடமளித்தது. இங்குப் பிறந்தோர் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுத்து மூலம் தேர்ந்துகொள்ளலாம். ஆட்சியமைப்பில் பின்னர் மாற்றம் செய்ய நேர்ந்தால் மக்கள் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும். அவ்வாறு தேர்ந்தோர் வழிவந்த குடும்பங்கள் இன்றும் புதுச்சேரியிலிருந்தே பிரெஞ்சுத் தேர்தல்களில் வாக்களிக்கின்றன. இதனால் இந்தியாவின் ஒருமைப்பாடு எவ்விதத்தும் குறைந்துவிடவில்லை.

இரண்டாம் விதியின் அருமை 1979 சனவரியில் விளங்கியது. புதுச்சேரியைத் தமிழ்நாட்டுடன் சேர்த்துவிடலாம் என்ற பேச்சு தில்லியில் எழுந்தபோது, இந்தியாவை மகிழ்ந்து ஏற்ற அதே மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர், உயிரிழப்பும் நேர்ந்தது. அத்திட்டம் கைவிடப்பட்டது. கோவா மக்களும் 1967-இல் வாக்கெடுப்பின் வழியாக மகாராட்டிரத்துடன் சேர மறுத்தனர். “ஒரே மொழி, ஒரே இனம், பிறகென்ன தயக்கம்?” என்று வெளியிலிருப்போர் கேட்பது எளிது. சேர்ந்திருக்க விரும்புதல் ஒரு நோக்கில் உண்மை. தனித்து விளங்க விரும்புதல் மற்றொரு நோக்கில் உண்மை. இரண்டும் ஒரே மக்கள் உள்ளத்தில் ஒருங்கே இருத்தல் கூடும் என்பது அனேகாந்தம் பயின்ற நமக்குப் புதிதன்று.

தைவானுக்கு வருவோம். 1895 முதல் 1945 வரை சப்பானின் ஆட்சியில் இருந்த தீவு அது. உள்நாட்டுப் போரில் தோற்ற சீனக் குடியரசின் அரசு 1949-இல் அங்குச் சென்று நிலைகொண்டது. பீகிங்கிலுள்ள மக்கள் குடியரசு அத்தீவை ஒருநாளும் ஆண்டதில்லை. ஆயினும் அது தன் நாட்டின் பகுதியே என்று உறுதியாகக் கூறி, பிரிவினையைத் தடுக்கப் படைவலியையும் பயன்படுத்தலாம் என 2005-இல் சட்டமியற்றியது. அமெரிக்காவோ 1979-இல் பீகிங்கை அங்கீகரித்த கையோடு தைவானுக்குப் படைக்கலம் வழங்கவும் சட்டம் செய்துகொண்டது. இடையில் வாழும் இரண்டு கோடியே முப்பது லட்சம் மக்கள் 1996 முதல் தம் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்து வருகின்றனர். கருத்துக் கணிப்புகளில் அவர்களுள் பெரும்பாலோர் கேட்பது விடுதலைப் பறைசாற்றலும் அன்று, இணைப்பும் அன்று. உள்ள நிலை தொடரட்டும் என்பதே.

பழைய வரலாற்றைக் காட்டிச் சீனா கோரும் உரிமையை முற்றும் பொய் என்று நான் தள்ளவில்லை. பிரான்சும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணங்களை வைத்திருந்தது. அவ்வாவணங்களைக் காட்டிப் புதுச்சேரி மக்களை எந்நாளும் கட்டிவைத்திருக்க இயன்றதா? தைவானுக்கு உதவுவதாகக் கூறுவோரும், அத்தீவைத் தம் பகைக்கு அரணாகக் கருதுகின்றனரா, அங்கு வாழ்வோரை உயிர்களாகக் கருதுகின்றனரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டாண்டுகள் காத்திருந்ததால் நம் நாடு எதையும் இழக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன, இனியும் எத்தனை காலம் என்று பீகிங்கில் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியோர் அத்தீவு மக்கள். அவர்களிடம் இதுவரை எவரும் முறைப்படி கேட்கவில்லை.