பெயரேட்டைக் காப்பவன் கடமை



ஈசாக்கு முதிர்ந்து கண்பார்வை இழந்திருந்த நாளில், இளைய மகன் யாக்கோபு ஆட்டுத்தோலைக் கைகளிற் சுற்றிக்கொண்டு வந்து, தமையன் ஏசாவின் பெயரைத் தன் பெயராகச் சொல்லி ஆசீரைப் பெற்றுச் சென்ற வரலாற்றை நாமெல்லோரும் அறிவோம். கிழவருக்குச் சந்தேகம் எழாமலில்லை. குரல் ஒருவனுடையது போலவும் கை மற்றவனுடையது போலவும் அவருக்குப் பட்டது. ஆயினும் சொல்லப்பட்ட பெயரை நம்பினார். அந்த ஒரு பொய்யால் ஒரு குடும்பம் இரண்டாயிற்று.

இணையத்தின் முன் அமரும் நாம் ஒவ்வொருவரும் ஈசாக்கைப் போன்றவர்களே. வங்கியின் பெயரைத் தட்டுகிறோம். வங்கியே வந்து நிற்பதாக நம்புகிறோம். வந்து நிற்பவர் யாரென்று நம் கண் காண்பதில்லை.

கணினிகள் ஒன்றையொன்று இலக்கங்களால் அறிகின்றன. மனிதரோ பெயர்களையே நினைவில் வைப்பர். பெயருக்குரிய இலக்கத்தைத் தேடிக் கொடுக்கும் ஏற்பாட்டை 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான போல் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். உலகம் முழுவதற்குமான தொலைபேசி விபரக்கொத்து என்று அதனைச் சொல்லலாம். ஆனால் அது ஒரே புத்தகமாக ஓரிடத்தில் இல்லை. 'எல்கே' என்று முடியும் ஒரு பெயரைக் கேட்டால், முதலில் 'வேர்' எனப்படும் தலையிடத்தில் விசாரிக்கப்படும். வேர், இலங்கைப் பெயர்களைப் பதிபவரிடம் அனுப்பும். அவர் அந்தத் தளத்துக்குரியவரிடம் அனுப்புவார். இவ்வாறு விசாரித்து விசாரித்தே விடை வந்து சேரும். 2010 முதல் '.இலங்கை' எனத் தமிழெழுத்தில் முடியும் பெயர்களுக்கும் அந்த வேரில் இடமுண்டு.

இதனை வகுத்த காலத்தில் பயன்படுத்தியோர் சிலரே. பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தோர். ஆகவே விடை சொல்பவன் உரியவன்தானா என்று சோதிக்க வழி வைக்கப்படவில்லை. இடையில் ஒருவன் புகுந்து பொய் விடையை முந்திச் சொல்வது எத்தனை எளிது என்பதை 2008இல் டான் கமின்ஸ்கி என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். அவர் அதனை விற்கவுமில்லை, உடனே பறைசாற்றவுமில்லை. மென்பொருள் செய்வோரை இரகசியமாக ஒன்றுகூட்டினார். அவ்வாண்டு யூலை 8ஆம் திகதி திருத்தங்கள் ஒருமித்து வெளியிடப்பட்டன. அயலவன் வீடு பூட்டாமற் கிடப்பதை அறிந்தவனுக்கும் ஒரு கடமை உண்டன்றோ?

2010 யூலை 15 முதல் வேரின் விடைகளுக்கு ஒப்பமிடப்படுகிறது. ஒப்பத்துக்குரிய இரகசியத் திறப்பு, அமெரிக்காவில் வேர்ஜீனியாவிலும் கலிபோர்னியாவிலும் பெட்டகங்களிற் காக்கப்படுகிறது. ஆண்டுக்கு நான்கு முறை, சடங்கு என்றே பெயர்பெற்ற ஒரு நிகழ்வில் அதனை எடுத்துப் பயன்படுத்துகின்றனர். ஒவ்வோரிடத்துக்கும் பல நாடுகளிலிருந்து தெரிவான எழுவர் உளர். அவர்களுள் மூவரேனும் வராமற் காரியம் நடவாது. நடப்பது முழுவதும் உலகுக்குக் காட்டப்படுகிறது. 2020 பெப்ரவரியில் பெட்டகத்தின் பூட்டுப் பழுதடைந்தபோது, சடங்கைப் பின்போட்டுப் பூட்டைத் துளைத்துத் திறக்க வேண்டியதாயிற்று.

இத்தனை அவநம்பிக்கையா என்று நீங்கள் கேட்கலாம். பங்கிலே காணிக்கைப் பெட்டியை இருவர் முன்னிலையில் திறப்பது பங்குத்தந்தையைக் கள்வன் என்று எண்ணுவதாலன்று. அவரைச் சோதனையிலிருந்தும் பழிச்சொல்லிலிருந்தும் காப்பதற்காகவே.

ஒப்பம் பொய்யனைத் தடுக்கும். ஆனால் நல்ல நோக்கத்துக்காக ஏட்டையே மாற்றலாமா? இங்கேதான் மனச்சாட்சிக்குரிய கேள்வி எழுகிறது.

2021 பெப்ரவரி 6ஆம் திகதி, நாட்டின் சுதந்திர தினத்துக்கு இரண்டு நாட்களின் பின், 'எல்கே' பெயர்கள் சிலவற்றின் பதிவுகள் களவாக மாற்றப்பட்டன. கூகிளின் இலங்கைத் தளத்தைத் தேடியவர்கள் வேறொரு பக்கத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அங்கே எழுதப்பட்டிருந்தவற்றுள் தேயிலைத் தோட்ட மக்களின் துயரமும் பத்திரிகைச் சுதந்திரமும் இருந்தன. அந்த முறைப்பாடுகள் நியாயமானவை. தோட்டத் தொழிலாளிக்கு உரிய கூலி கிடைக்கவேண்டுமென்று திருச்சபையும் கேட்கின்றது. ஆயினும் எட்டாம் கற்பனை பொய்ச்சாட்சியை விலக்குகிறது. சாட்சி சொல்பவனின் நோக்கம் நல்லதாயின் விலக்கில்லை என்று அது சொல்லவில்லை. நன்மை விளையுமென்று தீமை செய்தலாகாது எனப் புனித சின்னப்பரும் கற்பித்தார். இன்று நல்லவன் மாற்றிய ஏட்டை நாளை கள்வன் மாற்றுவான்; அன்று இழப்பது அந்தத் தோட்டத் தொழிலாளியின் சேமிப்பாகவும் இருக்கலாம்.

இதனினும் கடினமான நிகழ்ச்சி மறு ஆண்டில் வந்தது. வேரின் ஏட்டை நடத்துவது 'ஐக்கான்' எனும் இலாப நோக்கற்ற நிறுவனம். 2016 ஒக்ரோபர் 1ஆம் திகதியுடன் அதன் மீதிருந்த அமெரிக்க அரசின் மேற்பார்வை நீங்கியது. 2022 பெப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கையில், ரஷ்யாவின் 'ஆர்யூ' முதலான பெயர்களை வேரிலிருந்து நீக்குமாறு உக்ரேனின் துணைப் பிரதமர் மிகைலோ ஃபெடொரோவ் கேட்டார். மார்ச் 2ஆம் திகதி ஐக்கானின் தலைவர் யோரான் மார்பி மறுத்தெழுதினார். இணையம் இயங்கச் செய்வதே தமது பணி, தண்டனை வழங்குவதன்று என்பது அவர் விடையின் சாரம்.

அடிபட்டவன் கேட்க, ஏட்டைக் காப்பவன் மறுத்தான். இது கோழைத்தனமா? இலகுவில் விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருப்பினும் ஞானஸ்நானப் பதிவேட்டைக் காக்கும் ஒரு குருவானவன் என்ற முறையில் ஒன்றை அறிவேன். அதிற் பெயரெழுதப்பட்டவன் பின்னாளிற் கொலைகாரனானாலும் அப்பெயரை அழிக்க எனக்கு உரிமையில்லை. ஓரத்திற் குறிப்பு எழுதலாம். நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்க முடியாது. பெயரை அழிக்கும் அதிகாரம் ஒருமுறை ஒருவனுக்குக் கிடைத்தால், அடுத்து யார் பெயர் அழியும் என்று யாரால் உறுதி கூற முடியும்? பெயரேடு ஆயுதமானால் என்ன நேரும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தோர் சிலரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏடு நடுநிலையாக இருக்கலாம். மனச்சாட்சி அப்படியிருக்க முடியாது. ஏட்டைக் காப்பவன் தீர்ப்பிடாதிருப்பது நியாயமாவது, தீர்ப்பிட வேண்டியவர்கள் தம் கடமையைச் செய்யும்போதே. நீதிமன்றங்களும் அரசுகளும் திருச்சபையும் நாமும் வாய்மூடி இருந்துவிட்டு, பெயரேட்டுக்காரன் எங்கள் சார்பில் நீதி செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது, எங்கள் பாரத்தை அவன் தோளில் ஏற்றுவதாகும்.

நம் வீட்டளவிலும் இக்கடமை உண்டு. மற்றொருவர் பெயரில் முகநூற் கணக்குத் திறப்பவனும், ஆயர் சொன்னதாக அவர் சொல்லாததை வாட்ஸ்அப்பிற் பரப்புபவனும் யாக்கோபின் ஆட்டுத்தோலையே அணிகிறார்கள். வங்கியிலிருந்து என்று ஒரு செய்தி வந்து இரகசிய இலக்கத்தைக் கேட்டால், தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். குரலும் கையும் பொருந்தாவிட்டால் இன்னொருமுறை விசாரியுங்கள். ஈசாக்கு விசாரித்தார், கையைத் தடவியும் பார்த்தார், ஆயினும் சொல்லப்பட்ட பெயரையே நம்பினார்.