கை வைக்காத உபகாரம்

பிறர் படும் அவஸ்தையைக் கண்டவுடன் கையை நீட்டிவிடுவதே கருணை என்று சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிற எனக்கு, நீட்டிய கை எங்கே நின்றுவிட வேண்டும் என்று யோசிக்க நேர்ந்தது இங்கிலாந்தில் பாம்பு வளர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, அச்சம் வந்தால் தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சிறு வகை மலைப்பாம்பு அது, விஷமற்றது, சாது. சட்டை உரிக்கும் காலம் நெருங்கினால், பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நீர் சுரப்பதால் கண்கள் வெண்ணீலமாக மங்கிப்போகும், இரையைத் தொடாது. பிறகு கண் தெளிந்து, சில நாட்களில் மூக்கைக் கரடான கட்டையில் தேய்த்து உதட்டோரத்தில் தோலைக் கிழித்து, இமையில்லாத கண்ணின்மேல் படிந்த தெள்ளிய செதில் உட்பட, தலை முதல் வால் வரை ஒரே உறையாகக் கழற்றிவிடும்.

அந்தப் பனிக்காலத்தில் அப்படி நடக்கவில்லை. இரவும் பகலும் ஓடிய ஹீட்டர் வீட்டுக் காற்றை வறளச் செய்துவிட்டபடியால் தோல் துண்டு துண்டாகக் கிழிந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. வால் நுனியில் ஒரு வளையம் இறுகி நின்றது, விட்டுவைத்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனியே செத்துப்போகும். ஒரு கண்ணிலும் பழைய செதில் தங்கிவிட்டது. ஒரே இழுப்பில் உரித்துவிட என் கை துறுதுறுத்தது. நண்பரோ வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துவாலையைத் தளரச் சுற்றிப் பிடித்து, அதற்குள் பாம்பைத் தானாக ஊர்ந்து போகவிட்டார். அதன் உடம்பு உராய உராயத் தோல் சுருண்டு துணியிலே தங்கியது. வால் வளையத்தை மட்டும் நன்றாக ஊறவிட்டு விரல் நுனியால் உருட்டி எடுத்தார். கண்ணை அவர் தொடவேயில்லை. பிய்க்கப் போனால் அடியிலுள்ளதும் சேதமாகிப் பார்வையே கெடலாம், அநேகமாக அடுத்த உரிப்பில் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும், வராவிட்டால் கால்நடை வைத்தியர் இருக்கிறார் என்றார்.

இதை உபகாரம் என்று சொல்வதுகூட மிகை என்றே எனக்குப் படுகிறது. எலி வளையிலும் கரையான் புற்றிலும் ஒண்டி வாழும் பிராணிக்குத் துவாலை பிடிக்க அங்கே ஆளில்லை. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்தவன் மனிதன், ஆகையால் ஈரம் கொடுப்பது அவன் பட்ட கடன். பிள்ளைகள் விஷயத்திலும், புகுந்த வீட்டுக்கு வந்த மருமகள் விஷயத்திலும், இன்னும் பழைய சுபாவம் மாறவில்லையே என்று அலுத்துக்கொள்கிற நாம், அவர்களுக்கு உகந்த சூழ்நிலையைப் பறித்தது யார் என்று கேட்பதில்லை; பிய்த்து இழுப்பதில் மட்டும் நமக்கு அசாத்தியச் சுறுசுறுப்பு.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே இந்தத் துவாலை வித்தை நமக்கு வேண்டியிராது. கொல்லையில் கண் மங்கிய சாரையொன்று படுத்திருக்கக் கண்டால் கழியையும் எடுக்க வேண்டாம், கருணை காட்டவும் போக வேண்டாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சற்று விலகிப் போய்விடுங்கள்.