காட்சியும் கடமையும்

அறிவு தன்னளவிலேயே நன்மையானது என்பது கற்றோர் பலரும் ஆராயாது ஏற்றுக்கொள்ளும் கொள்கையாகும். ஆயின், ஒருவருடைய உயிரைப் பற்றிய செய்தி, அதனைக்கொண்டு எதுவும் செய்ய இயலாத நிலையில் கிடைக்குமாயின், அதனையும் நன்மை எனல் பொருந்துமா? தலை, கழுத்துப் பகுதிகளிற் தோன்றும் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடைபெறும்போதே அதன் பலனை எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் பரிவுப் படத்தால் மதிப்பிடும் முறை இவ்வினாவைக் கூர்மைப்படுத்துகின்றது.

இம்முறையின் அடிப்படை எளிதில் விளங்கக்கூடியது. கட்டியின் இழையம் நலமுள்ள இழையத்தினின்றும் காந்தப் பரிவில் வேறுபடுகின்றது என்பதை எலிகளின் இழையங்களைக் கொண்டு 1971 இல் டமாடியன் எடுத்துக்காட்டினார். அப்பரிவைப் படமாக்கும் வழியை 1973 இல் லோட்டர்பர் வெளியிட்டார். பின்வந்தோர் இழையத்திலுள்ள நீர் மூலக்கூறுகளின் அசைவையும் அளக்கக் கற்றனர். கலங்கள் நெருங்கிச் செறிந்த கட்டியில் நீரின் அசைவு தடைப்படுகின்றது. சிகிச்சையினாற் கலங்கள் மடிந்து சிதையும்போது நீர் தடையின்றிப் பரவுகின்றது. கட்டி அளவிற் சுருங்குவதற்கு முன்னரே இம்மாற்றம் படத்திற் புலனாகலாம். சிகிச்சை முடியும்வரை காத்திருந்து அறிய வேண்டியதன் அறிகுறி, சில வாரங்களிலேயே கிட்டுகின்றது.

மன்னார்த் தீவின் கீரியிலுள்ள கடற்றொழிலாளி ஒருவருக்கு வாயிற் புற்று ஏற்பட்டதாகக் கொள்ளலாம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னிடம் பெறுவது. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் வழக்கம் அதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று. கதிர்ச் சிகிச்சை பெறுவதற்கு அவர் தீவைக் கடந்து பெருநிலத்தை அடைந்து, வடக்கே தெல்லிப்பழை, தெற்கே மகரகமை போன்ற இடமொன்றுக்குச் செல்லல் வேண்டும். வழக்கமான முழுச் சிகிச்சை 70 கிறே. வாரத்துக்கு ஐந்து நாள்களாக, 35 தடவைகளில், ஏழு வாரங்கள் கொடுக்கப்படுவது. அந்நாள்களில் அவர் கடலுக்குச் செல்வதில்லை; துணைக்குச் சென்றவரின் உழைப்பும் நின்றுவிடுகின்றது. வாய் புண்பட்டு உலர்கின்றது. சோறு விழுங்குவதும் துன்பமாகின்றது. மூன்றாவது வாரத்தில் எடுக்கப்பட்ட படம், கட்டி மாற்றமின்றி நிற்பதாகக் காட்டினால், மருத்துவர் செய்யத்தக்கது யாது?

சொல்லாதிருத்தலே அருள் என்பார் உளர். அவர்தம் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. படம் தீர்ப்பன்று. கதிரால் ஏற்படும் வீக்கமும், விழுங்கும்போதும் மூச்செறியும்போதும் நேரும் அசைவும் படத்தைக் குழப்பக்கூடும். பலரைச் சேர்த்து நோக்குங்கால் உண்மையாகும் போக்கு, தனியொருவர்பாற் பொய்க்கலாம். இடைநடுவிற் சிகிச்சையை மாற்றுவதால் ஆயுள் நீளும் என்பதும் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. அரைகுறைச் செய்தியால் மனம் உடைந்து ஒருவர் ஊர் திரும்புவாராயின், குணமாக்கியிருக்கக்கூடிய சிகிச்சையையே அவர் இழந்தவராவார்.

எனினும், அந்த ஏழு வாரங்களின் விலையைச் செலுத்துபவர் நோயாளியே. தம் உடலைப் பற்றிய செய்தியைப் பிறர் அறிந்திருக்கத் தாம் அறியாதிருத்தல், அவரைத் தம் வாழ்விலேயே அயலவராக்கிவிடும். ஆகவே, சொல்வதா மறைப்பதா என்னும் வினா படம் எடுத்தபின் எழுதல் காலங்கடந்ததாகும். இப்படம் எந்த முடிவை மாற்றவல்லது, அதன் ஐயப்பாடு எத்தகையது, அதனை அறிய நோயாளி விரும்புகின்றாரா என்பனவற்றைப் படமெடுக்குமுன்னரே அவரோடு பேசித் தெளிதல் வேண்டும். ஐயத்தை ஐயமாகவே சொல்லுதலும் வாய்மையின்பாற்பட்டதே.

முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு பார்ப்பதன் பயனை வேறொரு படமுறை காட்டியுள்ளது. 564 நோயாளிகளை உட்படுத்தி ஐக்கிய இராச்சியத்தில் நடைபெற்று 2016 இல் வெளியான ஆய்வில், ஒரு சாராருக்குக் கழுத்து நிணநீர்க் கணுக்களை அகற்றும் அறுவை வழமைப்படி திட்டமிடப்பட்டது. மற்றச் சாராருக்குச் சிகிச்சை முடிந்து 12 வாரங்களின் பின் பெற்-சி.ரி. படம் எடுத்து, தேவை கண்டவிடத்து மட்டும் அறுவை செய்யப்பட்டது. முதற் சாராரில் 221 அறுவைகளும் இரண்டாம் சாராரில் 54 அறுவைகளுமே நிகழ்ந்தன. உயிர்பிழைத்தோர் வீதமோ குறையவில்லை. காண்பது கத்தியை விலக்கவும் உதவியது.

இதன் மறுபுறத்தை இலங்கை அனுபவம் உணர்த்துகின்றது. ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பயிற்றிக் கிராமத்தவரின் வாயைப் பரிசோதிப்பித்த ஆய்வொன்று 1984 இல் வெளியாயிற்று. ஊழியர்கள் நோய்க்குறிகளைப் பெரும்பாலும் சரியாகவே இனங்கண்டனர். ஆயினும், மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோருள் ஏறத்தாழ அரைப்பங்கினரே சென்றனர். கண் தவறவில்லை, கண்டதற்கும் செயலுக்குமிடையே வழி அமையவில்லை. விலையுயர்ந்த இயந்திரம் இக்குறையைத் தானாகத் தீர்த்துவிடாது.

மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணிய வள்ளுவர் நோயுற்றவரை முதலில் வைத்து, அருகிருந்து பணிசெய்பவரையும் அவற்றுள் ஒருவராக்கினார். அவ்வரிசை இன்றைய படமெடுப்புக்கும் பொருந்தும். நோயாளியின் உடலுள் நோக்கும் உரிமையைப் பெற்றவர், கண்டதனோடு அவரைத் தனியே விட்டுவிடாத கடமையையும் உடன் ஏற்றவராவார். கீரியிலிருந்து வந்தவருக்குப் படத்தின் பொருளை அவர் மொழியில் விளக்குவதும், அடுத்த வழியைக் காட்டுவதும், வழியில்லையெனின் வேதனை தணித்து உடனிருப்பதும் அக்கடமையின் பகுதிகள். அவையின்றிப் பெறப்படும் படம் எத்துணைத் தெளிவுடையதாயினும் அறிவெனும் பெயர்க்கு உரியதன்று.