வாளும் ஏடும்: ஒரு கடற்படை அதிகாரியின் புலமை வாழ்வு

வாளேந்திய கையும் எழுதுகோலேந்திய கையும் தம்முள் எத்தகைய உறவுடையன என்பது ஸ்பானிய இலக்கியத்திற் பழையதொரு வினா. 1605இல் வெளிவந்த ‘டொன் கிஹோத்தே’யின் முதற்பாகத்திற் கதாநாயகன் இவ்வினாவை எடுத்துக்கொண்டு, கற்றோர் வாழ்வினும் போர்வீரர் வாழ்வே உயர்ந்ததென நெடிது வாதிடுகின்றான். அதனை எழுதிய செர்வாந்தேஸ் 1571இல் லெப்பாந்தோக் கடற்போரில் இடக்கை ஊனமுற்றவர்; பின்னர் அல்ஜியர்சில் ஐந்தாண்டுகள் சிறையிருந்தவர். ஆயினும், எவ்வாழ்வு உயர்ந்தது என்பதைக் காட்டிலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ந்தவர் தம்முடன் எதனை எடுத்துச் சென்றார் என்பதே ஆழமான வினாவாக எமக்குத் தோன்றுகிறது. செர்வாந்தேசின் வாழ்க்கை வரலாற்றை ஆவணங்களின் துணைகொண்டு 1819இல் வெளியிட்ட மார்த்தீன் பெர்னாண்டஸ் தே நவரெத்தே என்பாரின் வாழ்வு இவ்வினாவுக்கு நல்லதோர் உரைகல்லாகும்.

1765இற் பிறந்த நவரெத்தே, 1780இற் கடற்படைப் பயிலுநராகச் சேர்ந்தார். 1782இல் ஜிப்ரால்டர் முற்றுகையிற் பங்குகொண்டார். உடல்நலக் குறைவு அவரைக் கடலிலிருந்து சிறிது சிறிதாக விலக்கிற்று. 1789இல், நாட்டின் சுவடிச்சாலைகளைத் துருவிக் கடற்படை வரலாற்றுக்குரிய ஆவணங்களைப் படியெடுக்குமாறு அரசு அவரைப் பணித்தது. 1793இற் பிரான்சுடன் போர் மூண்டபோது மீண்டும் கப்பலேறினாரெனினும், அவர் பெயர் நிலைத்தது ஏடுகளாலேயே. ஸ்பானியக் கல்விக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்ற 1792ஆம் ஆண்டில், காஸ்தீலிய மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி அவர் அங்கு உரையாற்றினார். 1831இல் வெளிவந்த கடல்சார் சொல்லகராதிக்கு முன்னுரை வரைந்தவரும் அவரே. (அவ்வகராதியைத் தொகுத்த பெரும்பாரத்தைச் சுமந்தவர் திமோத்தேயோ ஓஸ்கன்லான் என்னும் மற்றொரு கடற்படை அதிகாரி. நூலோ நெடுங்காலம் நவரெத்தேயின் பெயரிலேயே வழங்கிற்று. புகழ் பங்கிடப்படும் முறை படையிலும் புலமையுலகிலும் பெரிதும் வேறுபடுவதில்லை போலும்.)

அவர் கண்டெடுத்தவற்றுள் தலையாயது கொலம்பஸின் முதற் பயண நாட்குறிப்பு. மூலம் அழிந்துவிட்டது. பாதிரியார் லாஸ் காஸாஸ் தம் கைப்பட எழுதிவைத்த சுருக்கமே எஞ்சியது. அதனை இன்பாந்தாதோ கோமகனின் நூலகத்திற் கண்ட நவரெத்தே, வரலாற்றறிஞர் முனோசுடன் சேர்ந்து 1791இல் ஒப்புநோக்கிச் சரிபார்த்து, 1825இல் அச்சேற்றினார். அரசு அவரைப் பணித்தது கடற்படையின் பெருமையை நிலைநாட்டுதற்பொருட்டு என்பதை மறத்தலாகாது. அவரும் தம் தேசத்தின் பெருமையை உளமார நம்பியவரே.

எனினும், அவர் அச்சேற்றிய அவ்வேடு பெருமையை மட்டும் பேசுவதன்று. 1492 ஒக்டோபர் 12ஆம் நாட் குறிப்பிலே, குவானஹானித் தீவு மக்களைக் கண்ட கொலம்பஸ், இவர்கள் நல்ல பணியாளராவர் என்று எழுதுகின்றார். இவர்கள் பேசக் கற்றுக்கொள்ளும்பொருட்டு அறுவரை மன்னரிடம் கொண்டுசெல்வேன் என்றும் எழுதுகின்றார். காஸ்தீலிய மொழியைப் பேசக் கற்றல் என்றன்று, வெறுமனே பேசக் கற்றல் என்றே அங்குள்ளது. அம்மக்கட்கு மொழியே இல்லை என்பதுபோல! அவ்வாண்டிலேயே நெப்ரீஹா காஸ்தீலிய மொழிக்கு இலக்கணம் வகுத்து, மொழி என்றும் பேரரசின் துணைவி என அரசிக்கு எழுதினார் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

தம் மொழியின் வளர்ச்சியைப் போற்றி உரையாற்றிய ஒருவர், அம்மொழியின் பெயரால் பிறர்மொழி மறுக்கப்பட்ட வரியையும் மறைக்காது வெளியிட்டாரே, இதனை எவ்வாறு மதிப்பிடுவது? அவரை நீதிமான் எனக் கொண்டாடுதல் மிகையாகும். அவ்வேட்டுக்கு அவர் எழுதிய குறிப்புகளிற் பெரும் அக்கறை பெறுவது கப்பல் சென்ற வழியே. குவானஹானி எத்தீவு என ஆராய்ந்து, கிராண்ட் டர்க் என முடிவு செய்கின்றார். மாலுமியின் கண் அது. மறுபுறம், அவர் செய்தது வெறும் படியெடுப்பே எனத் தள்ளுவதும் பொருந்தாது. வேண்டாதனவற்றை நீக்கிப் பதிப்பித்த அறிஞர் எந்நாட்டிலும் இருந்துள்ளனர். அவ்வாறு நீக்குவதற்கு அவருக்கும் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்தன.

எமது கருத்தில், கடற்படை அவருக்கு அளித்தவற்றுட் சிறந்தது துணிவன்று; கப்பற் குறிப்பேட்டை எழுதும் ஒழுக்கம். காற்று மாறியதும் பாய் கிழிந்ததும் அதில் அவ்வவ்வேளையிற் பதியப்படும். தலைவனுக்கு உவப்பன்று என்பதற்காக ஒரு வரியும் அழிக்கப்படலாகாது. பணிதல் படையின் அறம் என்பர். ஆனால் ஆணைக்குப் பணிதல் வேறு, நிகழ்ந்ததற்குப் பணிதல் வேறு. படையில் இவ்விரண்டும் ஒரே மனிதனிடம் ஒருங்கே பயிற்றப்படுகின்றன. அவை முரண்படும் வேளையில் எதற்குப் பணிவது என்பதை எவரும் கற்பிப்பதில்லை. நவரெத்தே இரண்டையும் ஏட்டுலகுக்குக் கொண்டுவந்தார். எதனை வெளியிடுவது என்பதிற் பின்னதற்குப் பணிந்தார்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. குறிப்பேடு கப்பலில் இருப்பவர்க்கே உரியது. கரையில் நின்றவர்கள் குறிப்பேடு எழுதவில்லை. ஆகவே எத்துணை நேர்மையாகப் பதிப்பிப்பினும் அது ஒருபக்கச் சான்றே. இம்மறுப்பை முற்றாக நீக்க எம்மால் இயலவில்லை. ஆயினும், அழியாது காக்கப்பட்ட ஏட்டில் எழுதியவர் கருதாத சான்றுகளும் தங்கிவிடுகின்றன. அத்தீவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுள் ஒருவர் தியேகோ கொலோன் என ஞானஸ்நானப் பெயர் பெற்று, இரண்டாம் பயணத்தில் மொழிபெயர்ப்பாளராகத் திரும்பினார். பேசத் தெரியாதவர் எனக் கருதப்பட்ட அம்மக்களின் சொல்லொன்று ஒக்டோபர் மாதம் முடியுமுன்னரே நாட்குறிப்பில் ஏறிவிட்டது. சிறு படகைக் குறிக்கும் ‘கனோவா’ என்பது அச்சொல். ஏறத்தாழ 1495இல் நெப்ரீஹா தம் சொற்றொகுதியில் அதனைக் காஸ்தீலியச் சொல்லாகவே சேர்த்துக்கொண்டார்.