உயரம் பாய்தலும் இருவினையொப்பும்

வெற்றியை விரும்பாதவன் விளையாட்டில் இறங்க முடியுமா என்றும், விரும்பி இறங்கியவன் சைவசித்தாந்தம் கூறும் இருவினையொப்பை எய்த முடியுமா என்றும், யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் நயினாதீவிலும் வேலணையிலும் கோயில் மண்டபங்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்கள் வினவுவதுண்டு. நல்வினைப் பயன் வந்துற்றபோது மகிழ்ந்து பற்றாமலும், தீவினைப் பயன் வந்துற்றபோது நொந்து வெறுக்காமலும், இரண்டையும் ஒப்ப நோக்கும் மனநிலையே இருவினையொப்பு. அப்படியாயின், பதக்கத்தை நாடி ஆண்டுக்கணக்காகத் தேகத்தை வருத்துபவன் பற்றை வளர்ப்பவனேயன்றி வேறு யார் என்று நமது பிரசங்கிகள் சிலர் தீர்ப்புக் கூறிவிடுவர். அத்தீர்ப்பு அவசரமானது என்பது என் கருத்து.

யாழ்ப்பாணம் பெரியவிளானில் 1934இல் பிறந்து, மத்திய கல்லூரியில் பயின்று, 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போர்னிலும் ஒலிம்பிக் களங்களில் இலங்கைக்காக உயரம் பாய்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அதுவே. அவர் தேர்ந்துகொண்ட போட்டியின் விதியோ விசித்திரமானது. தாண்டத் தாண்டக் குறுக்குக் கம்பு உயர்த்தப்படும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் ஆட்டம் முடியும். மற்றவர் எல்லாரும் விலகிய பின்னும், வென்றவர் கம்பை இன்னும் உயர்த்தச் சொல்லிப் பாய்வதே வழக்கமாதலால், பெரும்பாலும் அவரும் அதைத் தட்டி வீழ்த்திய பிறகே வெளியேறுகிறார். ஓட்டத்தில் முதல்வன் நாடாவை மார்பால் தொட்டு முடிக்கிறான்; இங்கே முதல்வனும் தவறித்தான் முடிக்கிறான்.

டோக்கியோ விழா நடந்தது மே 24 முதல் ஜூன் 1 வரை. அந்நாள்களிலேதான் இலங்கையில் தமிழர்மீது கலவரம் பரவி, மே 27இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தென்னிலங்கை நகரங்களிலே கடை வைத்து வாழ்ந்த தீவகத்து வர்த்தகக் குடும்பங்கள் அஞ்சி நடுங்க, அகதிகள் கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கிய காலமும் அதுவே. வீட்டில் தமிழனை அடித்த நாடு, வெளியில் தமிழன் ஒருவன் பெற்ற பொன்னால் பெருமை கொண்டது. இந்த முரண்பாட்டை எண்ணும்தோறும், வினையும் பயனும் ஒருவன் கையில் ஒருசேர இருப்பதில்லை என்னும் சித்தாந்தம் ஏட்டுச் சுரைக்காயன்று என்று தோன்றுகிறது. பிரயத்தனம் அவருடையது, அது யாருக்குப் பெருமையாயிற்று, அப்பெருமையை நாடு எவ்விதம் பேணிற்று என்பன அவர் வசத்தில் இல்லை. ஆயினும் 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் அதே நாட்டுக்காக மீண்டும் பாய்ந்து வெள்ளி பெற்றார்.

பயனை ஒப்ப நோக்குவதென்றால் முயற்சியில் தளர்வதென்று கொள்வது பிழை. தநு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) ஆகியவற்றை இறைவன் உயிருக்கு அளித்தது, அவற்றைக் கொண்டு வினையை நுகர்ந்து கழிப்பதற்கேயன்றி மூலையில் மடக்கி வைப்பதற்கன்று.

இனி, காசு வாங்காமல் ஆடுவதே பற்றின்மை ஆகுமா என்ற கேள்வியும் உண்டு. அயர்லாந்தின் ஹேர்லிங் என்னும் மட்டைப்பந்து ஆட்டத்தில் வீரருக்குச் சம்பளம் கிடையாது. கில்கெனி மாவட்ட அணியின் ஹென்றி ஷெஃப்லின் பத்து அகில அயர்லாந்துப் பதக்கங்கள் பெற்று 2015இல் ஓய்ந்தபோதும் அந்த விதிக்கு உட்பட்டவராகவே ஓய்ந்தார். இதையே பற்றின்மைக்கு உதாரணமாகக் காட்டுவோர் உளர். நான் உடன்படேன். ஊர்ப்பெருமை என்னும் பற்றுக் காசாசையிலும் கொடியது. நமது தீவுகளில் இரண்டு ஊர்க் கழகங்கள் மோதும் கரப்பந்தாட்ட இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

களத்தை விட்டகன்றபின் எதிர்வீரசிங்கம் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்வித் துறையில் உழைத்து, 2024இல் காலமானார். தீவகத்தைச் சேர்ந்த மண்டைதீவிலோ 2025 செப்டெம்பர் முதலாந் திகதி சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. தீவகப் பிள்ளைகள் இனிப் பெரிய களங்களையும் பெரிய ஆசைகளையும் அருகிலே காண்பர். ஆகவே தீவுப் பாடசாலைகளின் சைவசமய ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இருவினையொப்பைக் கற்பிக்கும் நாளில் மாணவரை வகுப்பறையில் இருத்தாமல் மைதானத்துக்கு அழைத்துச் சென்று, குறுக்குக் கம்பை நிறுத்தி, ஒவ்வொருவரையும் தவறும்வரை பாயவிடுங்கள்.